மோட்டார் அதிகம் எண்ணெய் குடிக்கிறதா?

சுங்கை காடுட்டிலிருந்து செனவாங் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் கிளம்பும் மோட்டார்களில், கார்பரேட்டர் வைத்த பழைய ஹோண்டா இஎக்ஸ்5, மொடனாஸ் கிறிஸ் இன்னும் ஓடுகின்றன. எண்ணெய், அதாவது பெட்ரோல், அதிகம் பிடிக்கிறது என்றதும் ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறோம். கார்பரேட்டர் ஸ்க்ரூவோ கடைசியில் தொட வேண்டியது.

1. வண்டி எந்த வகை என்று பாருங்கள். ஒய்15 போன்ற ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்று-பெட்ரோல் கலவையைக் கம்ப்யூட்டரே கவனிக்கும். அதில் நீங்கள் திருக வேண்டியது எதுவும் இல்லை.

2. பின்சக்கரத்தைத் தூக்கி, கியர் இல்லாமல் கையால் சுற்றுங்கள். உடனே நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது செயின் காய்ந்திருக்கிறது. டயரில் காற்றையும் பாருங்கள்.

3. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் முதல் சந்தேகம். அது அடைத்தால் காற்று குறைந்து, பெட்ரோல் மிஞ்சும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் தடவி மாட்டலாம். எண்ணெய்ப் பசையுள்ள காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், புதிது போடுங்கள்.

4. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். முனை இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. இது சிக்கனம் இல்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று பொருள். ஈரமான கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, கார்பரேட்டர்மேல் பழி போட வேண்டாம்.

5. இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்க்ரூ. பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி, திறந்த வெளியில் நிறுத்துங்கள், புகை விஷம். சோக் முழுதாக விடுபட்டிருக்க வேண்டும். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கானது: உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கானது: உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இதை மாற்றிப் புரிந்துகொண்டுதான் பலர் வண்டியைக் கெடுக்கிறார்கள். இப்போது இருக்கும் நிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் சில விநாடி பொறுங்கள். எஞ்சின் சத்தம் எங்கே அதிக வேகமாகவும் சீராகவும் வருகிறதோ அதுதான் இடம். அதன்பின், நின்றபடி ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்து, நின்ற இடத்தில் அணையாத அளவுக்கு வையுங்கள். உள்ளே திருகும்போது அழுத்தி முறுக்காதீர்கள், முனை நசுங்கிவிடும்.

6. இந்த ஸ்க்ரூ ஆக்சிலேட்டரின் முதல் கால்பங்குக்கு மட்டுமே. நடுவில் ஊசியும், முழுத் திறப்பில் மெயின் ஜெட்டும் வேலை செய்யும். வேகமாகப் போகும்போது தடுமாறுகிறது என்றால் அந்த வேலையை மோட்டார் கடையில் விடுங்கள்.

7. எடைக்கு எடை 1 பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இழுவை வேண்டுமானால் 13 பக்கம், சிக்கனம் வேண்டுமானால் 15 பக்கம். இரண்டையும் ஒன்றாகத் தருகிறேன் என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். ரோன் 95 போதும் என்ற வண்டிக்கு ரோன் 97 ஊற்றுவதும் வீண்.

8. ஆர்எக்ஸ்இசட், 125இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலைக் குறைத்து விளையாடாதீர்கள். பிஸ்டன் சூடேறி எஞ்சின் ஜேம் ஆகிவிடும்.

9. கேமரன் மலையில் வண்டி மந்தமானால் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, இறங்கியதும் சரியாகும்.

10. திருகியது பலித்ததா என்பதைக் காது சொல்லாது, கணக்குதான் சொல்லும். டேங்கை நிரப்பி மீட்டரைக் குறியுங்கள். மறுபடி நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள்: 150 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் என்றால், லிட்டருக்கு 50. திருகுமுன் ஒரு தடவை, திருகியபின் ஒரு தடவை, அதே வழியில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் ஸ்க்ரூவைக் குறித்த இடத்துக்கே திருப்பிவிடுங்கள்.