கொழுந்துக்கு ஏழு விசைகள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த என் பாட்டி, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். ஆங்கில எழுத்து அறியார். இத்தகையோருக்கு ஆங்கில ஒலிபெயர்ப்பில் தமிழைத் தட்டச்சு செய்யக் கற்பிப்பது வீண்சுமை. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையே ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. விசைகளில் தமிழ் எழுத்துகளை ஒட்டிவிடுங்கள்.

‘கொழுந்து’ என்று எழுதிப் பாருங்கள்: க, ஒ, ழ, உ, ந, த, உ. ஏழே விசைகள்! நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் புள்ளி தானே விழும். இரு கைகளாலும் கொழுந்து கிள்ளியவருக்கு இது விரைவில் பழகியது. (சுட்டிதான் படுத்தியது!)

முன்பெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பேரன் முன் சொல்லாமல் விட்டவை எத்தனையோ! மூன்றாம் வாரம் ஈப்போவிலுள்ள தங்கைக்குத் தாமே மின்னஞ்சல் எழுதினார். நான் படிக்கவில்லை.