ஓதுவித்தலும் உணர்த்துதலும்

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் திருவீதி எழுந்தருளும்போது திருமுன்பே திவ்யப் பிரபந்த கோஷ்டியும், பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்வது ஸ்ரீவைஷ்ணவத் திருக்கோயில்களின் மரபு. ஓதுவார் கையில் ஏடு இல்லை. ஆயினும் பலர் குரலும் ஒரே குரலாக எழுகின்றது. ஒருவர் நிறுத்துமிடத்தில் அனைவரும் நிறுத்துகின்றனர். ஒருவர் நீட்டும் எழுத்தை அனைவரும் நீட்டுகின்றனர். இது எவ்வாறு கைகூடிற்று என்று ஸேவார்த்திகளுள் சிந்திப்போர் சிலரே. அதனை ஆராயின், இக்காலத்துப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் இசையையும் இலக்கியத்தையும் கற்பிக்கும் முறையில் நிறைவு யாது, குறைவு யாது என்பதும் உடன் விளங்கும்.

சந்தை முறை

வேதமாயினும் பிரபந்தமாயினும் வாய்ப்பாடமாகக் கற்பிப்பதற்குச் சந்தை என்று பெயர். பொருள் விற்கும் சந்தை வேறு. இது சொல் கொடுக்கும் சந்தை. ஆசிரியர் ஒருமுறை சொல்லுவார். மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்லுவர். முதலில் சிறு சிறு பகுதியாகவும், பின்னர் அடியடியாகவும், அதன்பின் முழுப் பாசுரமாகவும் பாடம் வளரும். ஊருக்கு ஊர் வழக்கம் சிறிது மாறினும் அடிப்படை ஒன்றே. ஆசிரியர் வாயைப் பார்த்துக் காதால் வாங்க வேண்டும். கண்ணால் ஏட்டைப் பார்த்து வாங்குதல் கூடாது. முன்னே கொண்ட பாடத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றிய பின்னரே அடுத்த பாடம் தொடங்கும்.

இதனை வெறும் மனப்பாடம் என்று இகழ்வோர் உளர். அவர்கள் தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியை நோக்குதல் வேண்டும். எழுத்து, ஸ்வரம், மாத்திரை, உச்சரிப்பின் வலிமை, சமநிலை, தொடர்ச்சி என்னும் ஆறும் கற்பிக்கத் தக்கவையாக அங்கே கூறப்படுகின்றன. இந்த ஆறில் ஏட்டில் எழுதிக் காட்டக்கூடியவை எத்தனை? எழுத்தை எழுதலாம், மாத்திரையையும் ஒருவாறு குறிக்கலாம். வலிமையும் சமநிலையும் தொடர்ச்சியும் வாயினின்று செவிக்குச் செல்வனவேயன்றி வேறு வழியில் செல்லா.

மேலும், வேதத்தைப் பிழையின்றிக் காக்க முன்னோர் பதம், க்ரமம், ஜடை, கனம் முதலிய பாடங்களை வகுத்தனர். இரண்டு சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓதும்போது ஓர் எழுத்துத் தவறினாலும் உடனே வெளிப்பட்டுவிடும். மாணவன் ஓதுவதே அவனுக்குத் தேர்வாகவும் அமைந்தது. இவ்வேத ஓதல் மரபை 2003-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டின் அரிய செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது அறிஞர் அறிந்ததே.

பொருள் உணர்த்தும் முறை

சந்தையோடு கல்வி முடிந்துவிட்டதாக முன்னோர் கருதினாரல்லர். பாணினீய சிக்ஷை, தகுதியற்ற ஓதுவாரைக் கணக்கிடுங்கால், விரைந்து ஓதுவோனையும் ஏட்டைப் பார்த்து ஓதுவோனையும் சேர்த்ததோடு நில்லாமல், பொருள் அறியாது ஓதுவோனையும் அவ்வரிசையிலேயே வைத்தது. நன்னூலாரும் மாணாக்கரைப் பாகுபடுத்துகையில் அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கர்க்கு உவமையாக்கி, கிளியை இடைமாணாக்கர்க்கே உவமையாக்கினார். சொன்னதைச் சொல்லும் கிளி கடையன்று, ஆயினும் தலையுமன்று. நீரைப் பிரித்துப் பாலை உண்ணும் அன்னமே தலை. வயிறு நிறைய மேய்ந்தபின் ஓரிடத்திருந்து அசைபோடும் பசுவும் தலை. எனவே ஓதுதலுக்குப் பின் பகுத்தலும் அசைபோடுதலும் வேண்டும் என்பது தெளிவு.

வடமொழிப் பாடசாலைகளில் ஒரு சுலோகத்தை விளக்குவதற்கு ஐந்து அங்கங்கள் சொல்லப்படும். சொற்களைப் பிரித்தல், சொற்பொருள் கூறுதல், தொகைகளை விரித்தல், வாக்கியத்தை இயைத்தல், ஐயத்தை எழுப்பி விடைகூறுதல் என்பன அவை. தமிழில் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்று இலக்கணம் கூறப்பட்டது. இரு மொழியிலும் இறுதியில் நிற்பது வினாவும் விடையுமே என்பதை ஊன்றி நோக்க வேண்டும். வினா எழாத வகுப்பில் உரை நிறைவுபெறுவதில்லை.

இதற்கு ஸம்ப்ரதாயத்திலேயே ஓர் அரிய சான்று உண்டு. ஸ்ரீராமாநுஜர் திருவாய்மொழிப் பொருளைத் திருமாலையாண்டானிடம் கேட்டருளினார். ஆண்டான் கூறிய பொருளுக்கு மாறாகச் சில இடங்களில் இவ்வாறும் கொள்ளலாமே என்று ராமாநுஜர் விண்ணப்பம் செய்தார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் இது என்று ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். செய்தியறிந்த திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, ராமாநுஜர் கூறிய பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று தெரிவித்த பின்னரே பாடம் மீண்டும் தொடங்கிற்று என்பர் பெரியோர்.

இந்த வரலாற்றில் மூன்று பாடங்கள் உள. மாணாக்கர் வினவலாம் என்பது ஒன்று. அவ்வினா பணிவோடும் நூலோடு பொருந்தியும் இருத்தல் வேண்டும் என்பது இரண்டு. வேறுபாடு தோன்றியவிடத்து வகுப்பை மூடிவிடாமல், இருவருக்கும் பொதுவாய் நின்று தெளிவிக்கும் மூத்தோர் ஒருவர் வேண்டும் என்பது மூன்று. அதே ராமாநுஜர் திருவரங்கப் பெருமாள் அரையரிடமும் பொருள் கேட்கச் சென்றார். பல மாதங்கள் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சட்காப்பு அரைத்துக் கொடுத்தும் அவருக்குப் பணிசெய்த பின்னரே உபதேசம் பெற்றார் என்பது குருபரம்பரைச் செய்தி. வினவியவரும் அவரே, காத்திருந்தவரும் அவரே.

பிற்காலத்தில் நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் கூறினார். வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டதை இரவில் ஏட்டில் எழுதி வைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அந்நூலைப் புரட்டினால், ஒரே இடத்துக்கு ஒருவர் கூறிய பொருளும் மற்றொருவர் கூறிய பொருளும் அவரவர் பெயருடனேயே காக்கப்பட்டிருப்பது காணலாம். வகுப்பில் எழுந்த ஐயம் அழிக்கப்படவில்லை. அடுத்த தலைமுறைக்குப் பாடமாக வைக்கப்பட்டது. இந்த ஈட்டினை எளிய தமிழில் ஆக்கியவர் பேராசிரியர் பு. ரா. புருஷோத்தம நாயுடு, பத்துப் பகுதிகளாக வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம். காலக்ஷேபக் கூடத்தின் செல்வம் பல்கலைக்கழகத்தின் வழியே பொதுமக்களை அடைந்தது. இரண்டும் பகையல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இசைக்கு அமைந்த படிகள்

இசைக் கல்வியில் படிமுறையை வகுத்த பெருமை, விட்டலனுக்கு அடிமை பூண்ட புரந்தரதாஸருக்கு (1484–1564) உரியது என்பது மரபு. ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகள் அவை. தொடக்கத்திற்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்ததிலும் காரணம் உண்டு. அதன் கீழ்ப்பாதியாகிய ஸ, ரி, க, ம என்னும் நான்கிற்கும் மேற்பாதியாகிய ப, த, நி, ஸ என்னும் நான்கிற்கும் இடைவெளிகள் ஒரே அளவில் அமைந்துள்ளன. கீழே பழகிய குழந்தை மேலே தானாகவே பழகிவிடும். ஸட்ஜத்தினின்று ரிஷபம் மிக அண்மையிலும், ரிஷபத்தினின்று காந்தாரம் மிகத் தொலைவிலும் நிற்பதால், செவி இரண்டையும் குழப்பாது பிரித்தறிகின்றது. ஏழு தாளங்களும் அலங்காரத்தில் அமைகின்றன. ஒவ்வொன்றும் மூன்று காலங்களில் பாடப்படுவதால் லயம் உடலிலேயே ஊறிவிடும். இப்படிமுறை இன்றளவும் மாறாது நிற்பது அதன் செம்மைக்குச் சான்று.

பல்கலைக்கழகம் வந்த பின்

குருகுலத்தில் இருந்த இசை கடந்த நூற்றாண்டில் கல்லூரிக்கு வந்தது. 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதர் ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டு, கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் அமைத்தார். 1929-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நிறுவினார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை ஏற்பட்டது. டைகர் வரதாசாரியார் அதில் தலைமை ஏற்றார். 1949-இல் சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி மாணவர் பயிலத் தக்கவாறு தென்னிந்திய இசை பற்றி ஆறு பகுதிகளாகப் படிநூல் எழுதினார்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. குருவின் இல்லத்தில் இடம் பெற இயலாதவர்க்கும், பெண்மக்களுக்கும், இசைக் குடும்பத்தில் பிறவாதவர்க்கும் வாயில் திறந்தது. ஒரே ஆசிரியரின் வழியன்றிப் பலர் வழியும் மாணவர் செவிக்கு எட்டின. வரலாறும் இலக்கணமும் இசையோடு சேர்ந்து கற்பிக்கப்பட்டன. இவற்றை மறுப்பது நன்றியன்று.

குறையும் உண்டு. குருகுலத்தில் மாணவன் பாடம் நிரம்பியபோது அடுத்த படி ஏறினான். கல்லூரியில் ஆண்டு நிரம்பியபோது ஏறுகின்றான். ஒரு வகுப்பில் பலர் இருக்க, மணி அடித்தவுடன் பாடம் முடிகின்றது. ஒவ்வொருவர் குரலையும் தனித்துக் கேட்டுத் திருத்த ஆசிரியர்க்கு நேரம் போதவில்லை. இலக்கிய வகுப்பிலோ செய்யுளை வாய்விட்டு ஓதாமலே பொழிப்புரையை எழுதித் தேர்வில் வெற்றி பெறலாம் என்னும் நிலை பரவியுள்ளது. அங்கே ஒலியில்லாப் பொருள். வேறு சில இடங்களில் பொருளில்லா ஒலி. இரண்டும் பாதிக் கல்வியே.

ஏடு காவாத செல்வம்

இக்குறை எவ்வளவு கடியது என்பதற்குப் பிரபந்த இசையே எடுத்துக்காட்டு. நாலாயிரத்தையும் மீட்டுத் தந்த நாதமுனிகள் அவற்றை இசைப்பா, இயற்பா எனக் கொண்டு, இசைப்பாக்களைத் தேவகானத்தில் அமைத்து, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்னும் இருவர்க்கும் பயிற்றினார் என்பர். திருவாய்மொழி முதலியவற்றின் பதிகங்களுக்குப் பண்ணும் தாளமும் இன்றும் ஏட்டில் குறிக்கப்பட்டுள்ளன. பண்ணின் பெயர் தெரிகின்றது. அப்பண்ணை நாதமுனிகள் பாடிய வகை பாடிக் காட்டுவார் இல்லை. ஏடு பெயரைக் காத்தது. வாய் காத்திருக்க வேண்டிய இசையை வாய் கைவிட்ட பின் ஏட்டினால் மீட்க இயலவில்லை.

அம்மரபின் எச்சமாகிய அரையர் ஸேவை திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேலும் கர்நாடகத்து மேல்கோட்டை ஆகிய மிகச் சில தலங்களிலேயே நடைபெறுகின்றது. குல்லாயும் தாளமும் தரித்துப் பாசுரத்தை இசையோடு பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்லும் அக்கலையில் இசைக்கல்வியும் இலக்கியக்கல்வியும் நாடகக்கல்வியும் ஒன்றாகவே நிற்கின்றன. இன்று பல்கலைக்கழகங்கள் தனித்தனித் துறையாகப் பிரித்துப் பின் இணைக்க முயல்வதை அரையர் ஒருவரே தம் உடலிலும் குரலிலும் இணைத்து வைத்துள்ளார். தந்தையினிடமிருந்து மைந்தர்க்கு வரும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், ஒலிப்பதிவும் நூலும் அதற்கு நினைவுச் சின்னமாகுமேயன்றி ஈடாகா.

நான்கு கால் கணக்கு

இவ்விரு முறைகளையும் இணைக்கும் வழியை முன்னோரே காட்டியுள்ளனர். ஆசிரியர் உரைத்ததால் கிட்டுவது புலமையில் கால்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுதலால் கால்பங்கு. பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு என்பது நன்னூலார் கணக்கு. ஆசிரியரால் கால், தன் அறிவால் கால், உடன் பயில்வோரால் கால், காலம் செல்லச் செல்லக் கால் என்பது வடமொழிக் கணக்கு. இரண்டும் ஆசிரியர்க்குக் காலே கொடுத்தன. இரண்டும் உடன் பயில்வோர்க்கும் காலே கொடுத்தன. ஆசிரியர் எவ்வளவு வல்லவராயினும் எஞ்சிய பங்கை மாணவனே ஈட்டியாக வேண்டும் என்பது கருத்து.

இக்கணக்கைப் பள்ளிகளும் எளிதில் கைக்கொள்ளலாம். செய்யுட்பாடம் தொடங்குமுன் ஆசிரியர் ஒருமுறையும் மாணவர் இருமுறையும் வாய்விட்டு ஓதுதல், பின்னர்ச் சொற்பிரித்துப் பொருள் காணுதல், அதன்பின் மாணவரைக்கொண்டே ஐயம் எழுப்புவித்தல், முடிவில் மாணவர் ஒருவரை நிறுத்தி மற்றவர்க்கு உரைக்கச் செய்தல் என்னும் இந்நான்கும் ஒரு மணிக்குள் அடங்குவனவே. இசை வகுப்பில் வாரம் ஒருமுறையேனும் ஒவ்வொரு குழந்தையின் குரலையும் ஆசிரியர் தனித்துக் கேட்டல் வேண்டும். கல்லூரி மாணவர்க்கு எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும், தாம் கற்றதை இளையோர்க்குக் கற்பிக்கும் கடமையும் உடன் அமைதல் நலம்.

இல்லங்களிலும் இதற்கு இடமுண்டு. விளக்கேற்றிய பின் நாளொன்றுக்கு ஒரு பாசுரம் என்று பெற்றோர் சொல்ல, குழந்தைகள் இருமுறை திருப்பிச் சொல்லுவாராயின், திருவாய்மொழியின் ஆயிரத்து நூற்றிரண்டு பாசுரங்களும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் நிரம்பும். பொருள் தெரிந்த பின்னரே சொல்லிக் கொடுக்கலாம் என்று காத்திருப்போர் குழந்தைப் பருவத்தையே கடந்துவிடக் காண்கின்றனர். சொல்லிக் கொடுத்ததே போதும் என்று அமைவோர் பொருளை இழக்கின்றனர். இளமையில் ஓதுவித்து, அறிவு மலருங்கால் உணர்த்துதலே முறை.

ஸேவார்த்திகள் இத்திருவிழாவில் கோஷ்டியின் அருகே தம் குழந்தைகளைச் சிறிது நேரம் நிறுத்தி, அவ்வொலியைச் செவியில் ஏற்கச் செய்வாராக. கால்பங்கு அங்கே தொடங்கும்; எஞ்சிய முக்கால் பங்கும் நிரம்புமாறு எம்பெருமான் திருவருளும் ஆசார்யர்கள் கடாக்ஷமும் துணைநிற்குமாக.