பாட்டு பீரியடும் கணக்கு மார்க்கும்

தென்காசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததை உன் அப்பா போனில் சொன்னான். சந்தோஷம். கூடவே, நீ ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிடுகிறாய் என்றும், வீணையைத் தொட்டு மாசக்கணக்காகிறது என்றும் சொன்னான். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

இரண்டு தலைப்பில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் இஷ்டம்தான். ஆனால் பாட்டு கற்றால் பிள்ளைகளுக்குக் கணக்கில் மார்க் கூடுமா என்ற அந்த முதல் தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும். என் பாட்டு பீரியடைக் கணக்குக்குத் தூக்கிக் கொடுத்த பள்ளிக்கூடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மார்க்குக்காகத்தான் பாட்டு என்று நாமே எழுதிக் கொடுத்தால், மார்க் கூடவில்லை என்று எவராவது நிரூபிக்கிற அன்றைக்கு மிச்சமிருக்கிற பீரியடும் போய்விடும். 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்ததே, மொசார்ட் கேட்ட கல்லூரி மாணவர்கள் வடிவப் புதிர்களை நன்றாகச் செய்தார்கள் என்று. அந்தப் பலன் கால்மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. ஆனாலும் குழந்தைக்கு அறிவு வளரும் என்று சிடி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பச் செய்து பார்த்த பலருக்கு அந்தக் கால்மணிப் பலன்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது தலைப்பு, நம்ம ஜனங்களின் காது இசையை எப்படிக் கேட்கிறது என்பது. அதற்கு முன்னோடி பக்கத்திலேயே இருக்கிறார். சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். ஸ்தாயிக்கு 22 சுருதி என்று பலரும் சொன்னபோது 24 என்றார். எழுதி வைத்ததோடு நிற்கவில்லை. 1916-இல் பரோடா மாநாட்டுக்குத் தம் மகள்களையும் கூட்டிப்போய், வித்துவான்கள் முன்னால் பாட வைத்துக் காட்டினார். மறுவருஷம் ‘கருணாமிர்த சாகரம்’ அச்சில் வந்தது. அவர் கணக்கை ஒப்பாதவர்கள் இன்றும் உண்டு, இருக்கட்டும். காதைச் சாட்சிக்கு அழைத்தாரே, அதைத்தான் நான் ஆராய்ச்சி என்பேன். அவர் ஊர் வழியாகப் பஸ்ஸில் போகிற நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கு ஆறவில்லை பாப்பா.

நம்ம ஊர்க் காதையே பார். சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் சாமியை அழைத்து வரத்துப் பாடும்போது உடுக்கும் குடமும் வேகமெடுக்கும் பார், அந்த இடம் வரப்போகிறது என்பது சுரம் தாளம் படிக்காத கிழவிகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்? தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் நமக்குத் தோடியாகவே படாது. கீபோர்டில் அதற்குக் கட்டை ஏது? நாகசுரம் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் கீபோர்டை ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பரீட்சை வைத்தால், அவன் காதை அளக்கிறோமா, கீபோர்டுப் பழக்கத்தை அளக்கிறோமா? இதையெல்லாம் நீ கேட்காவிட்டால் யார் கேட்பது?

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மார்க் தலைப்பையே எடுத்தாலும் நீ என் தங்கம்தான், முதல் பிரதியை நான்தான் வாசிப்பேன். பணம் வேண்டுமென்றால் உன் அப்பாவிடம் சொல்லாமல் என்னிடம் கேள். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, ஐந்தருவியில் இன்னும் கூட்டமில்லை. வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. காலையில் ஸ்டேஷனில் நிற்பேன். கொடை நடக்கிற ஊருக்கெல்லாம் நானே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா