அச்சு நடுவில் நிற்க வேண்டும்

எருத்தேன்பதி பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. சமவெளி ஊர். தென்னந்தோப்புகள் நிறைந்த பகுதி. தேங்காய், தீவனம், காய்கறி எல்லாம் பிக்கப் வண்டியில்தான் போகின்றன. தென்மேற்கே நெம்மாறையைத் தாண்டினால் நெல்லியாம்பதி மலை. அங்கே கல்லும் குழியுமான எஸ்டேட் பாதைகளில் ஜீப்புகள் ஓடுகின்றன. இடுக்கி மாவட்டத்தில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாதையும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட பாதைகளில் அடிப்பகுதி கல்லில் தட்டும். அதனால் சிலர் வண்டியை உயர்த்த நினைக்கிறார்கள். உயரமான ஸ்பிரிங் போட்டால் வண்டி உயர்ந்துவிடும். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. சில வண்டிகளில் உயரம் கூடியதும் அச்சு ஒரு பக்கமாக விலகிவிடும். அதைச் சரிசெய்ய உதவுவதுதான் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிராக் பார்.

டிராக் பார் என்றால் என்ன?

அது ஓர் இரும்புத் தண்டு. வண்டியின் அடியில் குறுக்காக இருக்கும். அதன் ஒரு முனை சேஸிஸில் பொருந்தியிருக்கும். மறு முனை எதிர்ப்பக்கத்தில் அச்சோடு பொருந்தியிருக்கும். அச்சு மேலும் கீழும் அசையலாம். இடமும் வலமும் நகரக்கூடாது. நகராமல் பிடித்துக்கொள்வது இந்தத் தண்டின் வேலை. பிரான்சு நாட்டின் பழைய கார் நிறுவனமான பானார் பெயரால் இதைப் பானார்டு ராடு என்றும் சொல்வார்கள்.

எல்லா வண்டிக்கும் இது தேவையா?

தேவையில்லை. முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு வண்டிக்காரர் பட்டறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏனுங்கண்ணா, நம்ம பிக்கப்புக்கு டிராக் பார் ஒண்ணு போட்டுரலாமுங்களா?"

"முன்னாடி அச்சுல சுருள் இல்லீங்க தம்பி. பின்னாடி பட்டை போட்டிருக்குது. பட்டையே அச்சைப் புடிச்சுக்கும். இதுக்கு எதுக்குங்க வீண் செலவு?"

மெக்கானிக் சொன்னது சரி. பட்டை ஸ்பிரிங் இருக்கும் இடத்தில், பட்டைகளின் நடு போல்ட்டும் யூ போல்ட்டும் அச்சை இறுகப் பிடித்திருக்கும். பட்டையின் இரு முனைகளும் சேஸிஸில் இணைந்திருக்கும். அதனால் அச்சு பக்கவாட்டில் எளிதில் நகராது. பாரம் ஏற்றும் பிக்கப் வண்டிகளின் பின்புறம் பெரும்பாலும் இந்த அமைப்புதான். பழைய மகிந்திரா ஜீப்புகளில் முன்னும் பின்னும் பட்டைதான்.

சுருள் ஸ்பிரிங் அப்படி அல்ல. அது பாரத்தைத் தாங்கும். அச்சைப் பக்கவாட்டில் பிடிக்காது. ஒரே துண்டாக உள்ள அச்சும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்திருக்கும் வண்டிகளில்தான் பெரும்பாலும் இந்தத் தண்டு இருக்கும். 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி சுசூகி ஜிம்னி இப்படிப்பட்டது. அமெரிக்காவின் ஃபோர்டு எஃப் 250, ராம் 2500 ஆகிய பெரிய பிக்கப் வண்டிகளின் நான்கு சக்கர இழுவை வகைகளில் முன் அச்சும் இப்படித்தான். வளைகுடா நாட்டுப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்த வண்டிகளைப் பார்க்கலாம்.

உயர்த்தினால் அச்சு ஏன் விலகுகிறது?

சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துப் பாருங்கள். ஏணியின் நீளம் மாறாது. அதன் மேல் முனையை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனால், கீழ் முனை சுவரை நோக்கி நகரும். டிராக் பாரும் அப்படித்தான். வண்டியை உயர்த்தும்போது சேஸிஸில் உள்ள முனை மேலே போகிறது. தண்டு கூடுதலாகச் சாய்கிறது. அதனால் அச்சு, சேஸிஸ் முனை இருக்கும் பக்கமாக இழுக்கப்படுகிறது.

ஒரு கணக்கு பாருங்கள். தண்டின் நீளம் 90 செ.மீ. சேஸிஸ் முனை அச்சு முனையைவிட 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வண்டியை 8 செ.மீ. உயர்த்தினால் அச்சு 12 முதல் 13 மி.மீ. வரை விலகும். ஒரு விரல் அகலத்துக்கும் குறைவுதான். ஆனாலும் ஒரு பக்க டயர் வெளியே தள்ளி நிற்கும். மறுபக்க டயர் உள்ளே போகும். ஸ்டியரிங் நேராக நிற்காது.

முதலில் அளவு எடுக்க வேண்டும்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். வண்டியின் பாரம் சக்கரங்களின் மீது இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் எடுத்த அளவு தவறாகும்.

சேஸிஸின் பக்கத்திலிருந்து டயரின் உட்புறம் வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் அளக்க வேண்டும். அளவைத் தாளில் எழுத வேண்டும்.

வலது பக்கம் 262 மி.மீ.
இடது பக்கம் 238 மி.மீ.
வித்தியாசம் 24 மி.மீ.
அதில் பாதி 12 மி.மீ.

அச்சு 12 மி.மீ. வலது பக்கம் போயிருக்கிறது. அதை அவ்வளவு இடது பக்கம் கொண்டுவர வேண்டும். முழு வித்தியாசமான 24 மி.மீ. நகர்த்தினால் அச்சு மறுபக்கம் விலகிவிடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பொருத்தும் முறை

1. கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். அடியில் படுக்கும் முன் வண்டிக்கு உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது.

2. பழைய தண்டைக் கழற்றி, இரு துளைகளின் நடுவுக்கு நடு நீளத்தை அளக்க வேண்டும்.

3. புதிய தண்டின் நீளத்தைப் பழைய நீளத்தைவிட 12 மி.மீ. கூட்ட வேண்டும். தயாரிப்பாளர் குறித்த எல்லைக்கு மேல் மரையை வெளியே எடுக்கக்கூடாது. உள்ளே போதுமான மரை இல்லாவிட்டால் தண்டு ஓடும்போதே கழன்றுவிடும்.

4. இரு முனைகளையும் பொருத்தி, நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்க வேண்டும். துளை நேராக வராவிட்டால் கம்பியால் நெம்பி நேராக்கலாம். துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கக்கூடாது. அச்சு சற்றே அசைந்தாலும் விரல் துண்டாகும்.

5. வண்டியைத் தரையில் இறக்கி மறுபடி அளக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இருந்தால், டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். கடைசி முடுக்கு, பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

6. செக் நட்டை இறுக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, தண்டு எதிலும் தட்டவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்கை நேராக்கி, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

7. சில நாள் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

டிராக் பார் தளர்ந்திருந்தால், ஒரு சிறு குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் கடுமையாக உதறும். மலை வளைவில் அது உயிருக்கே ஆபத்து. உதறல் வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்த வேண்டும். காரணம் தெரியாமல் மேலே ஓட்டக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் வரலாம்.

டிராக் பார் அச்சை நடுவில் நிறுத்தும். ஆனால் வண்டியை உயர்த்தியதற்கு அனுமதி வாங்கித் தராது. ஆகவே பணம் செலவழிக்கும் முன் மோட்டார் வாகன அலுவலகத்தில் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

நினைவில் வையுங்கள்

பட்டையா, சுருளா என்று முதலில் பாருங்கள்.
சட்டம் இடம் தருகிறதா என்று கேளுங்கள்.
அளவை எழுதி வையுங்கள். வித்தியாசத்தில் பாதியை மட்டும் நகர்த்துங்கள்.
பாரம் சக்கரத்தில் இருக்கும்போது முடுக்குங்கள்.

விடை எழுதுங்கள்

1. பட்டை ஸ்பிரிங் உள்ள அச்சுக்கு டிராக் பார் ஏன் தேவையில்லை?
2. வண்டியை உயர்த்தினால் அச்சு எந்தப் பக்கம் விலகும்?
3. வலது பக்கம் 255 மி.மீ., இடது பக்கம் 239 மி.மீ. அச்சை எவ்வளவு நகர்த்த வேண்டும்?
4. உங்கள் ஊரில் ஓடும் ஒரு வண்டியின் அடியில் பாருங்கள். முன்னும் பின்னும் என்ன ஸ்பிரிங் இருக்கிறது என்று எழுதுங்கள்.