ஏழு நிமிடத்தில் 1,500 மீட்டர்: உடல் தகுதித் தேர்வுக்கு 12 வாரத் தயாரிப்பு

காவலர் எழுத்துத் தேர்வு முடிவு வந்துவிட்டது. பட்டியலில் உங்கள் எண் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் விடியற்காலையிலேயே மைதானத்துக்குப் போய் மூச்சு முட்ட ஓடுகிறீர்கள். அடுத்த நாளும் அப்படியே. இரண்டாவது வாரம் கணுக்காலுக்கு மேலே, முன்பக்க எலும்பில் வலி எடுக்கிறது. மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறவே கஷ்டமாக இருக்கிறது. தேர்வு நாளோ நெருங்கிவிட்டது.

பலருக்கும் நடக்கிற கதை இது. முயற்சியில் குறைவில்லை, முறையில்தான் கோளாறு. உடற்பயிற்சிக்கென்று சில அடிப்படை விதிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் தனிப் பயிற்சியாளர் இல்லாமலேயே, கையில் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு நீங்களே தயாராகலாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இதில் தேறினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். (ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டின் அறிவிக்கையை வாரியத்தின் இணையதளத்தில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.)

7 நிமிடம் என்றால் 420 விநாடி. அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 28 விநாடி. 400 மீட்டர் ஓடுதளத்தில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. மொத்தம் மூன்றே முக்கால் சுற்று. 'வேகமாக ஓடணும்' என்று பொதுவாக நினைப்பதை விட, 'ஒரு சுற்று 1:52' என்ற இந்த எண்ணை மனதில் வையுங்கள். பெண்களுக்கு 100 மீட்டருக்கு 37.5 விநாடி.

விதி 1: எதற்குப் பயிற்சியோ, அதில்தான் பலன்

உடம்பு எந்த வேலையைப் பழகுகிறதோ அந்த வேலையில்தான் தேறும். தினமும் 10 கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பவருக்கு நல்ல மூச்சுத்திறன் இருக்கும். ஆனால் ஓடும்போது பாதத்தில் விழும் அதிர்வை அவர் கால் எலும்பு பழகியிருக்காது. அதேபோல ஓட்டம் மட்டும் ஓடினால் கயிறு ஏற வராது. ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும் உண்டு என்பதால், கம்பியைப் பிடித்துத் தொங்குவது, உடலை மேலே இழுப்பது ஆகிய பயிற்சிகளை வாரம் இரண்டு நாள் தனியாகச் செய்யுங்கள்.

விதி 2: கொஞ்சம் கூடுதல், படிப்படியாக

பழகிய அளவையே செய்துகொண்டிருந்தால் உடம்பு மாறாது. பழக்கத்தை விடச் சற்று அதிகச் சுமை கொடுத்தால்தான் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகும், தசையும் வலுப்பெறும். 'சற்று' என்பதுதான் இங்கே முக்கியம்.

மூச்சுத்திறன் சில வாரங்களிலேயே கூடும். எலும்பும் தசைநாண்களும் அவ்வளவு சீக்கிரம் வலுவாகாது. 'மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஓடலாம்' என்று நினைக்கும் நேரத்தில்தான் கால் எலும்பு வலி வருகிறது. எனவே தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். இந்த வாரம் தூரம் கூட்டினால் வேகம் அப்படியே இருக்கட்டும்.

விதி 3: ஓய்வும் பயிற்சிதான்

ஓடும்போது உடம்பு களைத்துப் போகிறது. அது வலுப்பெறுவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். ஆகவே கடினமாக ஓடிய மறுநாள் லேசான நடை அல்லது முழு ஓய்வு. ஏழு, எட்டு மணி நேரத் தூக்கத்தைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே நினையுங்கள். ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு மைதானத்தில் நின்றால் பாதிப் பலன் போய்விடும்.

விதி 4: விட்டால் போய்விடும்

இரண்டு, மூன்று வாரம் நிறுத்தினாலே மூச்சுத்திறன் குறையத் தொடங்கும். வாரம் ஒருநாள் வெறியோடு ஓடுவதை விட, வாரம் நான்கு நாள் அளவோடு ஓடுவது நல்லது. எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே ஓட்டத்தையும் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

விதி 5: உங்கள் உடம்பு, உங்கள் கணக்கு

நண்பர் ஆறு வாரத்தில் 8:30-லிருந்து 7:00-க்கு வந்திருக்கலாம். உங்களுக்குப் பத்து வாரம் ஆகலாம். வயது, எடை, முன்பழக்கம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் போன வார நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

12 வாரம்: இப்படிப் பிரிக்கலாம்

தொடங்கும் முன் ஒருநாள் 1,500 மீட்டர் ஓடிப் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் பாதி ஓட்டம், பாதி நடையாக முடியுங்கள். அதுவே உங்கள் தொடக்கப் புள்ளி.

1 முதல் 4 வாரம்: வாரம் நான்கு நாள், 20 முதல் 30 நிமிடம் மெதுவான ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். பேச முடியாமல் திணறினால் வேகத்தைக் குறையுங்கள்.

5 முதல் 8 வாரம்: மூன்று நாள் அதே மெதுவான ஓட்டம். ஒருநாள் மட்டும் வேகப் பயிற்சி: 200 மீட்டரை 56 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓட வேண்டும். இப்படி ஆறு முறை. எளிதாகிவிட்டால் 400 மீட்டரை 1:50-ல் நான்கு முறை.

9 முதல் 11 வாரம்: வேகப் பயிற்சியில் 500 மீட்டரை 2:20-ல் மூன்று முறை, நடுவில் மூன்று நிமிட நடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழு 1,500 மீட்டர் ஓடிப் பாருங்கள். இலக்கை 6:40 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளில் வெயிலில் காத்திருப்பது, கூட்டம், பதற்றம் எல்லாம் இருக்கும். அந்த 20 விநாடி அப்போது கைகொடுக்கும்.

12-வது வாரம்: ஓடும் அளவைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி நேரத்தில் கூடுதலாக ஓடினால் களைப்புதான் மிஞ்சும்.

பெண்கள் முதல் கட்டத்தை அப்படியே பின்பற்றலாம். வேகப் பயிற்சி நாளில் 100 மீட்டரை 35 விநாடியில் ஆறு முறை, பிறகு 200 மீட்டரை 70 விநாடியில் நான்கு முறை எனக் கூட்டுங்கள். மதிப்பெண் தரும் நீளம் தாண்டுதல், எறிதல் போட்டிகளுக்கும் வாரம் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

போனை இப்படிப் பயன்படுத்துங்கள்

ஸ்டாப்வாட்ச்சில் 'லேப்' பட்டனை ஒவ்வொரு சுற்றிலும் அழுத்துங்கள். முதல் சுற்று 1:30, கடைசிச் சுற்று 2:15 என்று வந்தால், ஆரம்பத்தில் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். முதல் சுற்றை 1:50-க்கு இழுத்துப் பிடித்தாலே மொத்த நேரம் குறைவதைப் பார்ப்பீர்கள். நோட்ஸில் தேதி, தூரம், நேரம், எங்காவது வலி உண்டா என்று நான்கே விஷயம் எழுதி வையுங்கள்.

இதை அலட்சியம் செய்யாதீர்கள்

ஆஸ்துமா, இதயக் கோளாறு, ரத்தசோகை உள்ளவர்களும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால் அவர்களும், மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் ஆகியவற்றை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பரிசோதிக்கலாம். ஓடும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. எலும்பின் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால், வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

ஓடுவதற்கு இடம் வேண்டுமா? மாவட்ட விளையாட்டு அரங்கில் விசாரியுங்கள். எழுத்துத் தேர்வுக்கான இலவசப் பயிற்சி பற்றி மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் கேளுங்கள்.

அறிவிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் தொடங்குங்கள். முதல் நாளுக்கு அது போதும்.