மின்னலுக்கு நேரம் குறிப்போம்

திண்டிவனத்தில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 38 விநாடி கழிந்த பின்னரே விழுப்புரத்தில் உச்சிக்கு வருகிறது. ஆனாலும் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரே மணியைக் காட்டுகின்றன. 1906-இல் வழக்கத்திற்கு வந்த இந்தியத் திட்ட நேரம் எல்லா ஊர்களுக்கும் பொதுவானது அல்லவா?

இவ்விரு ஊர்களிலும் ஒவ்வொரு கணிப்பொறியை வைத்து, மின்னலிலிருந்து எழும் ரேடியோ அலை வந்து சேரும் நேரத்தைக் குறிப்பதாகக் கொள்வோம். எங்கே முதலில் வந்தது என்பதைக் கொண்டு, மின்னல் எந்த ஊருக்கு அருகில் தோன்றியது என அறியலாம். ஊர்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 36 கிலோமீட்டர். அலை அதைக் கடக்க 120 மைக்ரோவிநாடி போதும்! (ஒரு மைக்ரோவிநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.)

கணிப்பொறிகள் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்ளும் வலைப்பின்னல் நேர முறைக்கு என்.டி.பி. என்று பெயர். டேவிட் மில்ஸ் என்பவர் வகுத்த இம்முறையில் நேரக்குறி 64 பிட் கொண்டது. முதல் 32 பிட்டில் 1900 ஜனவரி 1 முதல் கழிந்த முழு விநாடிகள். அடுத்த 32 பிட்டில் விநாடியின் பின்னம்.

பைத்தான் மொழியில் இதை எழுதுவோம். அம்மொழி 1970 முதல் விநாடிகளை எண்ணுகிறது. இடைப்பட்ட 70 ஆண்டுகளில் லீப் ஆண்டுகள் 17. ஆக 25,567 நாட்கள். 86,400 ஆல் பெருக்கினால் 2,20,89,88,800 விநாடி. இதைக் கூட்ட வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. 'டைம்' என்னும் கட்டளை நேரத்தைத் தசம எண்ணாகத் தருகிறது. அதில் ஏறத்தாழ 16 இலக்கங்களே நம்பத் தகுந்தவை. முழு விநாடிகளே 10 இலக்கங்களை எடுத்துக்கொள்வதால், பின்னத்திற்கு ஆறு இலக்கங்கள்தாம் மிஞ்சும். கூட்டிய பின் நேரம் அரை மைக்ரோவிநாடிப் படிகளாகத் தாவும். அந்த நேரத்தில் அலை சுமார் 140 மீட்டர் போய்விடும்.

ஆகவே 'டைம் என்எஸ்' என்னும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது நானோவிநாடிகளை முழு எண்ணாகத் தரும். அதை நூறு கோடியால் வகுத்தால் ஈவு முழு விநாடி, மீதம் பின்னம். மீதத்தை 4,29,49,67,296 ஆல் (2-இன் 32-ஆம் அடுக்கு) பெருக்கி, மீண்டும் நூறு கோடியால் வகுங்கள். மீதம் 25,00,00,000 எனில், அதாவது கால் விநாடி எனில், பின்னப் பகுதி 1,07,37,41,824.

ஒன்றை மறவாதீர்கள். நேரத்தை நுட்பமாக எழுதுவது வேறு. கடிகாரம் சரியாக இருப்பது வேறு. இணையவழி சரிசெய்த கடிகாரம் சில மில்லிவிநாடி பிசகலாம். அது நம் 120 மைக்ரோவிநாடியை விழுங்கிவிடும்! அதனால்தான் மின்னலைக் கண்டறியும் நிலையங்கள் செயற்கைக்கோள் தரும் ஜி.பி.எஸ். நேரத்தை நாடுகின்றன.

மீதம் 12,50,00,000 எனில் பின்னப் பகுதி எவ்வளவு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

(விடை: 53,68,70,912)