பம்பு தண்ணீரை இழுக்கிறதா?

உழவர் மன்றத்தினர் அவ்வப்போது உறுப்பினர் ஒருவரின் தோட்டத்துக்குக் கூட்டமாகச் சென்று பார்வையிடுவதுண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு புறப்பட்டால் நீங்களும் உடன் செல்லுங்கள். கையில் ஒரு கயிறும் அளவுநாடாவும் இருக்கட்டும். இலையின் நிறம், பூச்சி, வரப்பு எல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் கிணற்றடியில் நில்லுங்கள். இயற்பியலுக்கு அங்கேதான் வேலை.

கோடைக்காலம் என்று கொள்வோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் சுற்றுகிறது, குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. பயிர் வாடுகிறது. "மூணு ஹெச்.பி. பத்தாதுங்க, அஞ்சு வாங்கிப் போட்டுடுங்க" என்பார் ஒருவர். தோட்டக்காரர் கடன் வாங்கவும் துணிந்துவிடுவார். பணம் கைமாறுமுன் நாம் சற்று யோசிப்போம்.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். உண்மையில் அது இழுப்பதில்லை. பம்பினுள் சுழலும் சக்கரம் நடுவிலுள்ள நீரை விளிம்புக்கு வீசுகிறது. நடுவில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம், நீரை உறிஞ்சு குழாய் வழியே மேலே தள்ளுகிறது. தள்ளுவது காற்று, எனவே உயரத்தை முடிவு செய்வதும் காற்றே.

அதன் பலம் எவ்வளவு? கடல் மட்டத்தில் அது 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்கும். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது. பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 10.3 மீட்டர். பம்பினுள் முழு வெற்றிடமே இருந்தாலும் அதற்குமேல் நீர் ஏறாது. உறிஞ்சு பம்புகளுக்கு இப்படி ஓர் எல்லை உண்டு என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான நூலிலேயே குறிப்பிட்டார். காரணத்தை விளக்கியவர் அவருடைய சீடர் டாரிசெல்லி.

நடைமுறையில் இந்த 10.3 மீட்டரும் கிடைக்காது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ள கோயம்புத்தூரில் அரை மீட்டர் போய்விடும். குழாயின் உராய்வு, வளைவுகள், அடியிலுள்ள புட்வால்வு ஆகியவை தம் பங்கை எடுத்துக்கொள்ளும். அழுத்தம் மிகக் குறைந்தால் நீரே ஆவியாகிக் குமிழியிடும். ஆகவே 6 அல்லது 7 மீட்டருடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, பம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து சொல்லுங்கள். 11 மீட்டர் என்றால் 5 குதிரைத்திறனும் ஒன்றுதான், 50 குதிரைத்திறனும் ஒன்றுதான்! பம்பைக் கீழே இறக்கி வைப்பதே வழி. பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் திட்டு கட்டி அதன்மேல் பம்பு வைத்திருப்பது இதனால்தான். பம்புக்கு மேலே நீரை ஏற்றுவதற்கு இந்த எல்லை கிடையாது. குதிரைத்திறன் பேசுவது அங்கேதான். நீர்மூழ்கி மோட்டார் நீருக்குள்ளிருந்தே தள்ளுவதால், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

உயரம் 5 மீட்டர்தான், ஆனாலும் தண்ணீர் சிறுத்து வருகிறதா? பம்பு ஓடும்போது உறிஞ்சு குழாயின் இணைப்புகளருகே ஊதுபத்தியைக் காட்டச் சொல்லுங்கள். புகை உள்ளே இழுபடும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. பம்பில் சாணித் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைக் கண்டு சிரிக்காதீர்கள். நுண்ணிய கசிவுகளை அது ஓரளவு அடைக்கும்.

அளப்பது எப்போது என்பதும் முக்கியம். இறைக்க இறைக்க மட்டம் இறங்கும் அல்லவா? ஐப்பசியில் அளந்த அளவு உதவாது. சித்திரையில், இறைத்து முடிக்கும் நேரத்து அளவே கணக்கு.